தூக்க முடியாத மெசின்

தன் வீட்டுச் சின்ன அறையில் இனி ஒருவரும் படுக்கக்கூடாது என்று ஒஸ்வால்ட் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தீர்மானம் எடுத்தார். மனதுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுக்கிற தீர்மானங்களுக்கு அந்த வீட்டில் ஆயுள் குறைவு.

வீடு கொட்டாஞ்சேனையில் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கும். அறையோ ஒரு கட்டிலும் ஒரு மனிதனும் சேர்ந்தால் மூச்சுமுட்டும் அளவு. அதற்குள் ஒஸ்வால்ட் தன் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். கப்பல் கொம்பனிக் கந்தோரில் வேலை முடிந்து வந்து, கால் முகம் கழுவி, அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு தட்டைப் போட்டாரென்றால் பிறகு அவர் கொட்டாஞ்சேனையில் இல்லை. எங்கே போனார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கண்ணை மூடியபடி போய், கண்ணைத் திறக்கும்போது திரும்பி வருவார். வெளியே யுத்தம் நடந்தது. சோதனைச் சாவடிகள் இருந்தன. அடையாள அட்டையை நாளுக்கு எத்தனை தரம் எடுத்துக் காட்டினோம் என்று எவரும் எண்ணுவதை விட்டுவிட்ட காலம். அந்த ஒரு மணித்தியாலத்தில் மட்டும் ஒஸ்வால்ட்டிடம் யாரும் அட்டை கேட்கவில்லை.

அந்த மணித்தியாலத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் பேதுரு.

"அண்ணன் வாறாராம்," என்றாள் அவருடைய மனைவி செலீன், குசினிக்குள் கறி கிண்டியபடி. "ஊரிலையிருந்து வாற அடுத்த மாசக் கப்பலிலை இடம் கிடைச்சிட்டுதாம். திருகோணமலையிலை இறங்கி, பஸ்ஸிலை வருவார்."

"சந்தோஷம். எங்கை நிக்கப் போறார்?"

"இதென்ன கேள்வி? இஞ்சைதான். பிரான்சுக்கு விசா கிடைக்குமட்டும். உங்கடை பாட்டு அறையிலை ஒரு கட்டிலைப் போட்டால் சரி."

"வெள்ளவத்தையிலை நல்ல நல்ல லொட்ஜ் இருக்குதே செலீன். கடற்கரைப் பக்கம். காத்து வரும்."

"காத்து மட்டுமே வரும்? பொலிஸும் வரும். லொட்ஜிலை நிக்கிற ஆக்களைத்தான் விடியப்புறம் லொறியிலை ஏத்திக்கொண்டு போறாங்கள். என்ரை அண்ணனையும் ஏத்தட்டும் எண்டு சொல்லுறீங்களோ?"

ஒஸ்வால்ட் அப்படிச் சொல்லவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. மைத்துனருக்குத் தன் சோற்றைக் கொடுப்பார், இடுப்பில் கட்டுகிற சாரத்தைக் கொடுப்பார், கேட்டால் சவரக் கத்தியையும் கொடுப்பார். அறையை மட்டும் கொடுக்க முடியாது. பேதுரு சென்றமுறை வந்தபோது ஓர் இசைத்தட்டின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தவர். வைத்ததோடு விட்டாரா? "நல்ல வழுக்காத சாமான் மச்சான்" என்று பாராட்டியும் விட்டார். அத்துடன் பாட்டு ஓடும்போது தானும் பாடுவார். தட்டில் பாடுகிறவருக்கு அரை வரி முன்னால் பாடுவார். ஒரு பாட்டின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதரை ஒஸ்வால்ட் அன்றுதான் கண்டார்.

எனவே வாயில் வந்ததைச் சொன்னார்.

"அந்த அறையிலை இடமில்லை. மெசின் வருது."

அகப்பை நின்றது. "என்ன மெசின்?"

"தட்டுக் கழுவுற மெசின். இசைத்தட்டு. பார்த்தீரே, எல்லாம் பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்குது. பாட்டுப் போட்டால் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்குது. சொல்லி வைச்சிட்டன்."

உண்மையில் அப்படி ஒரு மெசினை அவர் கப்பல்காரர் ஒருவர் விட்டுச்சென்ற ஆங்கிலச் சஞ்சிகையில் படமாகத்தான் பார்த்திருந்தார். ஆனால் பொய்யென்று முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. கடற்காற்றும் உப்பும் ஈரமும் சேர்ந்து அவருடைய தட்டுகளைத் தின்றுகொண்டிருந்தன. சில பாட்டுகள் மழைக்குள் நின்று பாடுவதுபோல் கேட்டன. மழை இல்லாமல் ஒருமுறை கேட்டுவிட வேண்டுமென்று அவர் கனவு காணாத நாளில்லை.

சண்டை வரப்போகிறது என்று ஒஸ்வால்ட் காத்திருந்தார். அகப்பை மறுபடி கிண்டத் தொடங்கியது.

"எவ்வளவு பெரிசு?"

"பெரிசு."

"பெரிசெண்டால்?"

ஒஸ்வால்ட் கைகளை விரித்தார். விரித்த கைகள் தாமாகவே இன்னும் விரிந்தன. வலக்கை போய்ச் சுவரில் முட்டியபோதுதான் நின்றன.

"அவ்வளவும்."

"நல்லது," என்றாள் செலீன். "வாங்கிறதெண்டால் பலமான சாமானாய்ப் பார்த்து வாங்குங்கோ. லொடலொட எண்டு ஆடுறது வேண்டாம்."

அவ்வளவுதான். ஒஸ்வால்ட் மிதந்துகொண்டே அறைக்குப் போனார். இனிச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. சொன்ன பொய்யின் அளவுக்கு ஒரு மெசினைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கொள்ளுப்பிட்டிக்குப் போனார். கண்ணாடி போட்ட பெரிய கடை. உள்ளே குளிர். இப்படிப்பட்ட மெசின் ஒன்று அங்கே உண்மையாகவே இருந்தது. கடைக்காரர் ஒரு தட்டை அதன்மேல் வைத்து, மருந்துத் தண்ணீர் விட்டு, தூரிகையால் தடவி, பொத்தானை அழுத்தினார். தட்டு நிதானமாகச் சுற்றியது. ஒரு மெல்லிய குழாய் குனிந்து, அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது. தட்டு கறுத்த கண்ணாடியாக எழுந்து வந்தது. அதில் ஒஸ்வால்ட் தன் முகத்தைக் கண்டார். முகம் காதலில் விழுந்திருந்தது.

"ஒரு கையாலை தூக்கிப் பாருங்கோ சேர்," என்றார் கடைக்காரர் பெருமையாக. "வேலை முடிஞ்சால் அலுமாரிக்கு மேலை வைச்சிடலாம். இடமே பிடிக்காது."

ஒஸ்வால்ட் தூக்கிப் பார்த்தார். மெசின் எழும்பியது. அவர் மனம் இறங்கியது.

"இதைவிடப் பாரமாய் ஒண்டும் இல்லையோ?"

"பாரமாயோ சேர்?"

"தூக்கவே ஏலாத மாதிரி."

கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேறு ஒரு வாடிக்கையாளரைத் தேடிப் போனார். காது வாங்கச் சொன்னது. திட்டம் வேண்டாமென்றது. காதைப் பொத்திக்கொண்டு ஒஸ்வால்ட் வெளியே வந்தார்.

நுகேகொடையில், வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு மகளிடம் போகவிருந்த ஒரு சிங்களப் பெரியவரிடம் இன்னொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டார். போனார். இரும்பு உடம்பு. இடுப்பளவு உயரம். தள்ளிப் பார்க்கவே பயமாக இருந்தது. இதுதான், இதேதான் என்று ஒஸ்வால்ட்டின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரியவர் அன்போடு தேநீர் கொடுத்து, "மஹத்தயா, பயப்பட வேண்டாம்" என்பதுபோல் சிரித்து, மெசினை ஒற்றை விரலால் தள்ளினார். அது அறையின் மறுகோடிக்குப் பூனைபோல் ஓடியது. அடியில் உருளும் சில்லுகள்.

ஒஸ்வால்ட் தேநீரை மட்டும் முடித்துவிட்டுத் திரும்பினார்.

"சில்லோ?" என்றாள் செலீன். "சீ, வேண்டவே வேண்டாம். சில்லு வைச்ச சாமான் ஆடும்."

"அதைத்தான் நானும் யோசிச்சன்!"

"ஒரே இடத்திலை நிக்கவேணும்."

"அசையவே கூடாது!"

கலியாணம் முடித்த நாளிலிருந்து இருவரும் ஒரு விஷயத்தில் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. "பாமன்கடையிலை ஹமீட் பாஸ் எண்டு ஒருத்தர் இருக்கிறார்," என்றாள் அவள். "என்ரை தையல் மெசினுக்கு மேசை அடிச்சவர். மோட்டர் வேலையும் செய்வார். சொன்ன அளவுக்குச் செய்து தருவார். நானும் வாறன்."

ஹமீட் பாஸின் பட்டறை விசிறிகளாலும் வானொலிகளாலும் நிறைந்திருந்தது. நடுவில் அவர் மட்டும் அமரக் கூடிய ஓர் இடம். ஒஸ்வால்ட் சஞ்சிகைப் படத்தைக் காட்டினார். ஹமீட் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"தட்டு சுத்த ஒரு மோட்டர். தண்ணி உறிஞ்ச ஒரு மோட்டர். தண்ணி விழ ஒரு டாங்கி. இவ்வளவுதானே? சின்னப் பொட்டிக்குள்ள அடக்கித் தாறேன் சேர்."

"பெரிசாய்ச் செய்யேலாதோ?"

"செய்யேலும். உள்ளுக்கு என்னத்த வெக்கிற?"

ஒஸ்வால்ட் வாயைத் திறந்தார். மூடினார். அவருடைய திட்டம் பாமன்கடையில், விசிறிகளின் நடுவே, காற்றில்லாமல் செத்துக்கொண்டிருந்தது.

"கழுவின தட்டுகள் காயவேண்டாமோ?" என்றாள் செலீன்.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"ஈரத்தோடை உறைக்குள்ளை போட்டால் திரும்பப் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியை நீளமாய்ச் செய்து, உள்ளை சட்டம் அடிச்சு விடுங்கோ. கோப்பை அடுக்கிற மாதிரி தட்டுகளை அடுக்கிக் காய வைக்கலாம்."

ஒஸ்வால்ட் தன் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அந்த அறை வாசலில் நின்று "சத்தத்தைக் குறையுங்கோ" என்று மட்டுமே சொன்னவள்.

"எவ்வளவு நீளம் மிஸிஸ்?"

"ஆறடி காணும்."

"உயரம்?"

"முழங்காலளவு. இவருக்கு முதுகு, நாரி எல்லாம் நோ. நிண்டு கழுவேலாது, கதிரையிலை இருந்துதான் கழுவுவார்."

"மேல்பலகை?"

"தேக்கு. மட்டமாய் இருக்கவேணும். ஒரு ஆள் ஏறினாலும் வளையக்கூடாது."

"ஆள் என்னத்துக்கு மிஸிஸ் ஏறுற?"

"பலத்துக்குச் சொல்லுறன்."

"சுத்துற தட்டு நடுவிலயா?"

"இல்லை இல்லை. ஒரு அந்தத்திலை. சன்னல் வெளிச்சம் படுற பக்கம். மூலை நாலையும் உருட்டி விடுங்கோ. ஆக்களுக்கு இடிக்கும். மோட்டர் கனக்கச் சத்தம் போடுமோ?"

"ரப்பர் வெச்சி இறுக்கினா, குர்ர் எண்டு ஒரு சத்தம்தான். பூன தூங்குற மாதிரி ஈக்கும்."

"அது நல்லது," என்றாள் செலீன்.

ஹமீட் பென்சிலைக் காதில் செருகினார். ஒஸ்வால்ட்டை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. ஒஸ்வால்ட் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"மிஸிஸ் நல்லா யோசிச்சீக்கிறா சேர்."

திரும்பும் பஸ்ஸில் சன்னல் பக்கம் செலீன் இருந்தாள். கடலை ஒட்டி ஓடும் காலி வீதியில் ஒவ்வொரு ஒழுங்கையும் கடக்கும்போது அதன் முடிவில் கடல் ஒரு கணம் மின்னி மறைந்தது. ஒழுங்கை, கடல். ஒழுங்கை, கடல். சுற்றுகிற தட்டில் வெளிச்சம் விழுந்து விழுந்து போவதுபோல் இருந்தது. இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு சங்கீதம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே என்று ஒஸ்வால்ட் நினைத்தார். அவள் கையைப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. கையில் பை இருந்தபடியால் பையைப் பிடித்துக்கொண்டார்.

மெசின் தயாரான அன்று அதை லொறியில் ஏற்றினார்கள். தேக்கும் இரும்பும் சேர்ந்து, ஏற்றியவர்களுக்கு வாயில் கெட்ட வார்த்தைகளையெல்லாம் வரவழைத்தது. ஹமீட் அதை வெள்ளைத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டியிருந்தார். செலீன் லொறியின் பின்னால் பெட்டியின் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்தாள். ஒஸ்வால்ட் மறுபக்கம் நின்றார்.

கோட்டைக்கு முன்னால் இராணுவச் சாவடியில் லொறியை மறித்தார்கள். ஓர் இளம் சிப்பாய் பின்புறம் ஏறினான்.

"மேக்க மொக்கத்த?" இது என்ன என்று கேட்டான்.

ஒஸ்வால்ட் தனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்தார். இசைத்தட்டு, அழுக்கு, தண்ணீர், மோட்டர், கம்பி. ஒவ்வொரு சொல்லும் ஒஸ்வால்ட்டை வெலிக்கடைச் சிறைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போனது. ஒரு தமிழ் மனிதர், ஒரு நீளப் பெட்டி, உள்ளே மோட்டரும் கம்பியும். சிப்பாயின் முகம் இறுகியது.

அப்போது செலீன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்தாள். மற்றக் கையால் வெள்ளைத் துணியை மெல்லத் தடவினாள். 

சிப்பாய் அவளைப் பார்த்தான். ஆறடிப் பெட்டியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். அந்த நாட்களில் நீளமான பெட்டிகளை யாரும் திறந்து பார்க்க விரும்புவதில்லை. அவனும் எத்தனையோ பார்த்திருப்பான். இறங்கும்போது ஒஸ்வால்ட்டின் தோளைத் தட்டிவிட்டு, கையசைத்து லொறியை விட்டான்.

லொறி கனதூரம் போனபின் ஒஸ்வால்ட் கேட்டார்.

"நீர் ஏன் அழுதனீர்?"

"புழுதி," என்றாள் செலீன், கைக்குட்டையை மடித்துக்கொண்டு.

இவளோடு போட்டியில் இறங்கக்கூடாது என்று ஒரு குரல் அவருக்குள் மிக மெதுவாகச் சொன்னது. லொறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

மெசினை உள்ளே கொண்டுபோக அறையின் சன்னலைச் சட்டத்தோடு கழற்றவேண்டி வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்து, புனித அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டே தூக்கி வைத்தார்கள். தரை முனகியது. சன்னலைத் திரும்பப் பூட்டியபின், ஒஸ்வால்ட் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மறுபக்கம் போய்த் தள்ளினார். அசையவில்லை. அவருடைய சின்ன முக்காலிக்கு மட்டும் ஓர் ஓரத்தில் இடம் இருந்தது. கட்டிலுக்கு இல்லை. பாய்க்கும் இல்லை. ஒரு தலையணை நிமிர்ந்து நின்றால் நிற்கலாம்.

கதவைச் சாத்தி, முதல் தட்டைக் கழுவினார். தண்ணீர் பரவியது, தூரிகை நடந்தது, குழாய் குனிந்தது. எத்தனையோ மழைக்காலங்கள் கறுப்புத் தண்ணீராக டாங்கிக்குள் இறங்கின. காயவைத்து, எடுத்து, போட்டார்.

மழை விட்டிருந்தது. பாடுகிறவர் அவ்வளவு நாளும் ஒரு நனைந்த சன்னலுக்கு வெளியே நின்றவர், இப்போது கதவைத் திறந்து உள்ளே வந்து, ஒஸ்வால்ட்டின் பக்கத்தில் அமர்ந்து, மூச்சு வாங்கி, பாடினார். அந்த மூச்சு கேட்டது. விரல் தந்தியை விடும் சிறு சத்தம் கேட்டது. ஒஸ்வால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். வாசலில் செலீன் நின்றாள். பாட்டு முடியும்வரை நின்றாள்.

"நல்ல மெசின்," என்றாள். உள்ளே வந்து உள்ளங்கையால் மேல்பலகையை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள். "நல்ல பலம்."

அந்த வார இறுதியில் பேதுரு வந்து சேர்ந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு கருவாட்டுப் பார்சல், கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒஸ்வால்ட் மிகுந்த துக்கத்தோடு மைத்துனரைக் கையில் பிடித்து அறை வாசலுக்குக் கூட்டிப்போனார். அந்தத் துக்கத்தை அவர் காலையிலிருந்து கண்ணாடிக்கு முன் பழகியிருந்தார்.

"பாருங்கோ மச்சான். எனக்குச் சரியான கவலை. ஒரு பாய் போடவும் இடமில்லை. வெள்ளவத்தையிலை ஒரு நல்ல இடம் விசாரிச்சு வைச்சிருக்கிறன். காசு என்ரை பொறுப்பு."

"பாய் என்னத்துக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செலீன் ஒரு மெத்தையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். இருவரையும் விலக்கிவிட்டு உள்ளே போனாள். மெத்தையை மெசினின்மேல் விரித்தாள். ஒரு விரல்கூட வெளியே தொங்கவில்லை, ஒரு விரல்கூட உள்ளே குறையவில்லை. சுற்றுகிற தட்டு இருந்த அந்தத்தை மட்டும் விட்டு, அளவெடுத்துத் தைத்த மெத்தை. அதன்மேல் வெள்ளை விரிப்பு. அதன்மேல் தலையணை.

குட்டையான பேதுரு ஏறிப் படுத்தார். ஒருமுறை புரண்டு பார்த்தார்.

"ஆடேல்லை," என்றார். "தேக்கோ?"

"தேக்கு," என்றாள் செலீன். "உங்கடை மச்சான்தான் கடைகடையாய்த் திரிஞ்சு தெரிவு செய்தவர். கொள்ளுப்பிட்டிக்குப் போனார், நுகேகொடைக்குப் போனார். ஒண்டும் பிடிக்கேல்லை. பலமானதுதான் வேணும் எண்டிட்டார்."

"நீர் எனக்காக இவ்வளவு பாடுபட்டனீரோ மச்சான்!" பேதுரு எட்டி ஒஸ்வால்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒஸ்வால்ட்டுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. ஆறடி. முழங்கால் உயரம். உருட்டிய மூலை. பூனை தூங்குகிற சத்தம்.

"செலீன்," என்றார் மெதுவாக. "இது மெசின்."

"நான் இல்லையெண்டே சொன்னன்? நீங்கள் உங்கடை பாட்டிலை கழுவுங்கோ. அதுக்குத்தானே தட்டை அந்தத்திலை வைக்கச் சொன்னனான்."

தூக்கி வெளியே வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். தூக்க முடியாததாகப் பார்த்து எடுத்தவர் அவர்தான்.

பின்னேரம் வெயில் சாய்ந்து சன்னலுக்குள் மஞ்சளாக விழுந்தது. ஒஸ்வால்ட் முக்காலியைப் போட்டு, தோளில் ஒரு துவாய், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரோடு தன் மெசினின் ஓரத்தில் அமர்ந்தார். அவருக்கு நேர் எதிரே பேதுருவின் இரண்டு பாதங்கள். பெரிய வியாழக்கிழமை பூசையில் ஆட்களின் கால் கழுவும் சுவாமியார் இப்படித்தான் இருப்பார். அவருக்காவது வருஷத்துக்கு ஒருநாள்.

பொத்தானை அழுத்தினார். குர்ர் என்றது. தட்டு சுற்றியது. மெத்தை மெல்ல நடுங்கியது.

"ஆகா," என்றார் பேதுரு, கண்ணைத் திறக்காமல். "நாரிக்கு நல்ல சுகம் மச்சான். இன்னும் ரெண்டு தட்டுக் கழுவும்."

ஒஸ்வால்ட் கழுவினார். இரண்டாவது தட்டு முடியுமுன் பேதுருவின் மூச்சு நீண்டு, ஆழமாகியது. ஷெல் விழும் ஊரில் காதைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிய மனிதர். இப்போது அந்தக் காதும் மெல்ல மூடிக்கொண்டது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது, அவர் அசையவில்லை. ஒஸ்வால்ட் கழுவிய தட்டைப் போட்டார், சத்தத்தை நன்றாகக் குறைத்து. மழையில்லாத அந்தப் பாட்டு அறைக்குள் மெல்லப் பரவியது. கொஞ்ச நேரத்துக்கு அந்த அறையில் எவருக்கும் ஒரு குறையும் இல்லை என்றே தோன்றியது. ஒஸ்வால்ட் கண்ணை மூடினார். எங்கேயோ போகத் தொடங்கினார்.

வாசலில் வளையல் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ," என்றாள் செலீன், அண்ணன் எழும்பிவிடாதபடி மெல்லிய குரலில். "கால்மாட்டிலை சும்மாதானே இருக்கிறீங்கள், அந்தக் காலையும் ஒருக்காப் பிடிச்சு விடுங்கோ."